ஒகுனாரோவுக்குப் போன கத்தி

ஷின்காய் கொண்டுவந்த கத்தியைக் கையில் வாங்கியபோதே நட்சுயோவுக்கு மனம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சாணை பிடித்துத் தரச் சொல்லித்தான் அந்தப் பெண் தகமாத்சுவிலிருந்து காரோட்டிக்கொண்டு வந்திருந்தாள். லீவு கிடைத்தால் காட்டுக்குள் போய்க் கூடாரம் அடித்துத் தங்குகிறவள். விறகு பிளக்க, மூங்கில் சீவ, மீன் ஆய எல்லாவற்றுக்கும் இந்த ஒரே கத்திதான் என்று அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நட்சுயோ அதன் பிடியை இரண்டு விரலால் தொங்கவிட்டுப் பிடித்து, சின்னச் சுத்தியலால் அலகில் ஒரு தட்டுத் தட்டினாள். அவள் கையால் அடித்த கத்தி மணிபோல நீளமாகக் கேட்கும். இது ஓட்டைப் பானையைத் தட்டினதுபோல 'டப்' என்று நின்றுவிட்டது.

"என்னக்கா, ரொம்ப மழுங்கிடுச்சா?"

"இரும்மா, பாக்கறேன்."

அலகு முழுவதும் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, துணியால் ஒட்டத் துடைத்தாள். அதன்மேல் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்து, ஜன்னல் வெயிலில் வைத்தாள். ஷின்காய் இதையெல்லாம் வேடிக்கை பார்த்தபடி நின்றாள். சற்று நேரத்தில், அலகும் பிடியும் சேருகிற கழுத்தில், வெள்ளைப் பொடியின்மேல் தலைமுடி கனத்துக்கு ஒரு கறுப்புக் கோடு கசிந்து வந்தது.

"இது விரிசல்" என்றாள் நட்சுயோ.

"ஐயோ, நான் ஏதாவது தப்பா அடிச்சுட்டேனா?"

"நீ ஒண்ணும் பண்ணல. இது பொறக்கும்போதே இருந்திருக்கு. எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

"போன வாரம்கூட எங்கக்கா பிள்ளைங்க சுத்தி நிக்க, இதாலதான் விறகு பிளந்தேன்" என்றாள் ஷின்காய், சாதாரணமாக. 

நட்சுயோ எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த இன்னொரு கத்தியை எடுத்தாள். அதே அளவு, அதே அமைப்பு. அவள் புருஷன் கெய்சாகு கொல்லையில் மூங்கில் வெட்ட வைத்துக்கொண்டிருப்பது. அதைக் கருவேலங்கட்டையில் ஓங்கி ஒரு போடு போட்டாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு போடு போட்டாள். பிடி மட்டும் கையில் நின்றது. அலகு பறந்துபோய்க் கரிமூட்டைக்குள் செருகிக்கொண்டது.

பின்னறையில் உறை செதுக்கிக்கொண்டிருந்த கெய்சாகு சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். "என் கத்தி மேல உனக்கு என்ன கோவம்?" என்று கேட்க வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கொல்லர் குடும்பம் என்னவோ கெய்சாகுவுடையதுதான். ஆனால் அவருக்குக் கரிப்புகை ஒத்துக்கொள்ளாது. உலை முன் நின்றால் இழுப்பு வந்துவிடும். இஞ்சித் தோட்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நட்சுயோதான் மாமனார் காலத்துக்குப் பிறகு சம்மட்டியைக் கையில் எடுத்தாள். உறை செய்வதும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கடை போட்டு விற்பதும் கெய்சாகு பங்கு. அந்த வீட்டில் கை அவளுக்கு, வாய் அவருக்கு என்று அவர்கள் ஊரான யமாதாவில் சொல்வார்கள். தொழிலுக்குக் குறைவில்லை. முன்பு மரம் வெட்டுகிறவர்களும் வேட்டைக்காரர்களும் வாங்கினார்கள். இப்போது கூடாரம் அடிக்கிறவர்களும் சேர்ந்துகொண்டதில் அடித்துக் கொடுத்து மாளவில்லை. அந்தக் கூடாரக்காரர்கள் கனம் குறைவாக வேண்டும் என்று கேட்டதால்தான் இந்த வம்பே வந்தது.

தோசா வட்டாரத்து மலைக்கத்தி என்றால் விளிம்பில் எஃகு, முதுகில் மெத்தென்ற இரும்பு, இரண்டையும் ஒன்றாக அடித்துச் சேர்ப்பது வழக்கம். கனம் குறையட்டும் என்று நட்சுயோ முழுக்க எஃகிலேயே, பிடியையும் அதே தகட்டில் குழலாகச் சுருட்டி, மெல்லிசாகச் சிலவற்றை அடித்துப் பார்த்தாள். குழலுக்குள் கம்பைச் செருகி ஆணி அடித்தால் ஈட்டியாகவும் ஆகும். பிப்ரவரியில் பனி விழுந்த ஒரு காலையில் அப்படி மூன்றைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாள். குளிர்காலத்தில் தொட்டித் தண்ணீரை முதலில் வெதுவெதுப்பாக்க வேண்டும். பழுக்கக் காய்ந்த இரும்புத் துண்டு ஒன்றை அதில் முக்கி எடுத்தால் போதும். அன்றைக்குக் குழாய் உறைந்துபோய், கெய்சாகுதான் ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினார். அவர் சுட வைத்திருப்பார் என்று அவள் நினைத்தாள். அவள் வைத்துக்கொள்வாள் என்று அவர் நினைத்தார். தோய்க்கும்போது 'டிக்' என்று ஒரு சின்ன ஓசை கேட்டது அவளுக்கு இப்போதும் நினைவிருந்தது. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிறது என்று அப்போது தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஷின்காயிடம் மன்னிப்புக் கேட்டு, அலமாரியிலிருந்து இரும்பு முதுகு வைத்த வேறு கத்தியை எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். கார் திரும்பிப் போகும்வரை பொறுத்திருந்தாள்.

"மூணாவது எங்க?"

கெய்சாகு தலையைச் சொறிந்தார். "மார்ச் மாசம் சந்தையில வித்தேன். ஒரு பெரியவரு. வெள்ளை நாய் ஒண்ணு கூட்டிட்டு வந்தாரு."

"எதுக்குன்னு கேட்டியா?"

"அவரே சொன்னாரு." கெய்சாகுவின் குரல் இறங்கியது. "காட்டுப்பன்னிக்கு. எத்தனை தடிமன் கம்பு போடலாம்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்லுவேன்... பன்னி நெஞ்சுக்கு நேரா நின்னு குத்துங்க, எங்க கத்தி உங்களைக் கைவிடாதுன்னு சொன்னேன்."

நட்சுயோ மணைக்கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். நவம்பரில் வேட்டைக்காலம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. நாய்கள் பன்றியை வளைத்து நிறுத்தியதும் சில கிழவர்கள் துப்பாக்கியைத் தொட மாட்டார்கள், கம்பில் மாட்டிய கத்தியோடுதான் நெருங்குவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். குத்துகிற வேகத்தில் கழுத்தில் அலகு கழன்றால், மனிதன் கையில் வெறும் கம்போடு நிற்பான்.

"அந்த வாயைத் தைக்கறதுக்கு ஊசி அடிக்கத்தான் எனக்கு இன்னும் தெரியல" என்றாள். கெய்சாகு கரிமூட்டைக்குள் செருகியிருந்த அலகைப் பிடுங்கி எடுத்து, உடைந்த பிடியோடு பொருத்திப் பார்த்தார்.

மறுநாள் ஞாயிறு. இருவருமே கோச்சி நகரத்துச் சந்தைக்குப் போனார்கள். பக்கத்துக் கடை ஹிசாகா கருவாடும் ஊறுகாயும் விற்கிறவள். சந்தைக்கு வருகிற எல்லாருடைய ஜாதகமும் அவளிடம் உண்டு.

"வெள்ளை நாய்க்காரரா? நல்லா ஞாபகம் இருக்கு. அந்த நாய் என் நெத்திலியில வாயை வச்சிடுச்சு. மனுஷன் கூசிப்போய் மன்னிப்புக் கேட்டு, ஒகுனாரோ ஊரு, கதோதா வீடுன்னு பேரையும் சொல்லிட்டுப் போனாரு. மோனோபே ஆத்தோரமா மேல ஏறி, அணையைத் தாண்டிப் போகணும்." ஹிசாகா சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "ஆமா, அந்தப் பக்கம்தானே போன வாரம் ஒரு பெரியவரைப் பன்னி அடிச்சிடுச்சாம்? ஹெலிகாப்டர் வந்து தூக்கிட்டுப் போச்சுன்னு யூசுப் பழம் விக்கற பொண்ணு சொன்னா. கத்தி ஒடஞ்சு போச்சாமே, பாவம்."

கத்தி உடைந்தது என்ற சொல்லைக் கேட்டதும் நட்சுயோவுக்குக் காதடைத்துப்போயிற்று. கெய்சாகு கையிலிருந்த உறையைக் கீழே போட்டார்.

"நானும் வரேன்" என்றார்.

"வேணாம். நீ வந்தா அங்கயும் ஏதாவது பேசுவ. கடையைப் பாத்துக்க."

சின்ன லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மன்னிப்புக் கேட்கப் போகிறவள் வெறுங்கையோடு போகக் கூடாது. யமாதாவில் பலகாரக் கடை முன் நிறுத்தி, பயற்றம் பூரணம் வைத்த பணியாரம் ஒரு பெட்டி கேட்டாள்.

கடைக்காரி பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, "மேல என்ன காகிதம் சுத்தட்டும்மா?" என்றாள். "விசேஷமா, நோயாளியைப் பாக்கவா, இல்ல துக்கமா?"

நட்சுயோ அந்த மூன்று காகிதங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைக்காரி காத்திருந்தாள்.

"ஒண்ணும் வேணாம். வெறும் வெள்ளைக் காகிதம் போடுங்க."

"எதுவும் எழுத வேணாமா?"

"வேணாம்" என்று சொல்லி வெளியே வந்தாள். வண்டியில் உட்கார்ந்தபின், பெட்டியைப் பக்கத்து இருக்கையில் வைத்து, ஏனோ அதற்கும் பெல்ட் போட்டுவிட்டாள்.

ஆற்றோரமாக ஏறுகிற சாலை அணை தாண்டியதும் ஒடுங்கிவிட்டது. இரண்டு பக்கச் சரிவிலும் யூசு மரங்கள். முள் நடுவில் எலுமிச்சை போன்ற மஞ்சள் பழங்கள். அறுவடை நேரம். வண்டிக்குள்ளேயே வாசனை அடித்தது. மற்ற நாளாக இருந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டு மூச்சை இழுத்திருப்பாள். இன்று அவள் மனதுக்குள் ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருந்தது: முதலில் என்ன சொல்வது? 'உங்கள் வீட்டுக்காரரைக் கொன்றது என் கத்தி' என்று எந்த வார்த்தையில் தொடங்குவார்கள்? ஒரு வளைவில் வண்டியை ஓரம்கட்டி, திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். யாருக்கும் தெரியாது. சந்தையில் வாங்கிய கத்தி. பட்டறைக் குறியைத் தேய்த்துவிட்டால் யாருடையது என்று யார் கேட்கப் போகிறார்கள்? அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. மறுபடி வண்டியைக் கிளப்பினாள்.

பழம் தரம் பிரிக்கிற கொட்டகையில் நாலைந்து பெண்கள் கையுறையோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள். கதோதா வீட்டுக்கு வழி கேட்டாள்.

"இவாவோவைப் பாக்கவா? சொந்தமா?"

"தெரிஞ்சவங்க. அவருக்கு அடிபட்டுச்சுன்னு..."

"அதை ஏன் கேக்கற" என்றாள் ஒருத்தி, கையை நிறுத்தாமலே. "பன்னின்னா பன்னி, நீ வந்திருக்கியே இந்த வண்டி, இதுல முக்கால்வாசி இருக்குமாம்."

"முக்காலா? எங்க வீட்ல சொன்னது இதைவிடப் பெருசுன்னு" என்றாள் இன்னொருத்தி. "வயித்தைக் கிழிச்சிடுச்சாம்."

"வயிறு இல்லடி, கால்."

"கால்ல ஆரம்பிச்சு வயிறு வரைக்கும்."

"இப்ப எப்படி இருக்காரு?" என்றாள் நட்சுயோ.

"யாரு பாத்தா? அந்த ஃபுமியே யாரையும் உள்ள விடமாட்டேங்கறா. கதவைச் சாத்திக்கிட்டு இருக்காங்க. பாலம் தாண்டி மூணாவது வளைவுல, வெள்ளை நாய் கட்டியிருக்கும்."

கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறார்கள் என்ற பேச்சு பாலம் வரைக்கும் அவள் காதிலேயே நின்றது.

வெள்ளை நாய் கட்டியிருக்கவில்லை, அவிழ்ந்து கிடந்தது. வண்டியைப் பார்த்துக் குரைத்துவிட்டு, பலகாரப் பெட்டியை மோந்து பார்த்து வாலாட்டியது. முற்றம் முழுக்க யூசுப் பெட்டிகள். நடுவில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் குந்தி உட்கார்ந்து காம்பு நறுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் துக்கக்களை இல்லை. ஆனால் சில பேருக்குத் துக்கம் முகத்தில் தெரியாது என்று நட்சுயோ நினைத்துக்கொண்டாள்.

"யாரும்மா? பழம் எடுக்க வந்தியா?"

"யமாதாவுலருந்து வரேன். குசுனோசே பட்டறை. நான்... கத்தி அடிக்கறவ."

அந்த அம்மாளின் கை நின்றது. கண் அகலமானது. வீட்டுப் பக்கம் திரும்பி உரக்கக் குரல் கொடுத்தாள். "இந்தாய்யா, கத்திக்காரங்க வந்திருக்காங்க."

உள்ளே கெண்டி உருளுகிற சத்தம். அதைத் தொடர்ந்து தள்ளுகதவு ஒன்று சடாரென்று சாத்தப்பட்டது.

ஆக, உயிரோடு ஒரு ஆள் உள்ளே இருக்கிறார். அவள் முகத்தில் விழிக்க விரும்பவில்லை. அதற்கு அவருக்கு எல்லா நியாயமும் உண்டு. நட்சுயோ அங்கேயே, பழக்காம்புகள் சிதறிக் கிடந்த மண்ணில், முட்டி போட்டு நெற்றி தரையில் படக் குனிந்தாள்.

"தப்பு என்னோடது. கத்தியில விரிசல் இருந்துச்சு. தண்ணி சில்லுனு இருந்தது தெரியாமத் தோய்ச்சிட்டேன். ஓசை கேட்டும் கவனிக்காம விட்டுட்டேன். நேத்துதான் தெரிஞ்சுது. அதுக்குள்ள உங்க வீட்ல இப்படி ஆயிடுச்சு. என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

நாய் வந்து அவள் காதை மோந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. "ஃபுமியே, அவங்க என்ன சொன்னாங்க?"

"கத்தியில முன்னமே விரிசல் இருந்துச்சாம்."

"இன்னொரு தரம் சொல்லச் சொல்லு."

"நீயே கேளேன்யா, ரெண்டு முழம் தூரத்துலதானே இருக்க."

கதவு ஒரு சாண் திறந்தது. நரைத்த புருவம் ஒன்றும் கலங்கிய கண் ஒன்றும் தெரிந்தன. "அவங்களை எழுந்திருக்கச் சொல்லு. முட்டி போட வேண்டியவன் நான். கால் மடங்க மாட்டேங்குது, இல்லேன்னா நான்தான் யமாதாவுக்கு வந்து போட்டிருப்பேன்."

நட்சுயோ தலையைத் தூக்கினாள். கதவு முழுக்கத் திறந்தது. கதோதா இவாவோ மெத்தையில் சாய்ந்து கிடந்தார். வலது கணுக்காலில் பெரிய கட்டு. முகத்திலும் முழங்கையிலும் பொடிப்பொடியாகக் கீறல்கள். வயிறு முழுசாக, பருத்து, சட்டைக்குள் பத்திரமாக இருந்தது. அந்த வயிற்றைப் பார்த்ததும் அவளுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"பன்னி..." என்றாள்.

"பன்னியா?" ஃபுமியே கத்தரியைக் கீழே வைத்தாள். "யூசு மரத்துல சாத்தின ஏணியிலருந்து விழுந்தாரு. முள்ளு கிழிச்சிருக்கு பாரு. பக்கத்து வீட்டுக்காரன் வண்டியில தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியில எவனோ என்ன ஆச்சுன்னு கேட்டதுக்கு இந்த மனுஷன் என்ன சொன்னாரு தெரியுமா? 'பன்னி'ன்னாரு. கத்தி எங்கன்னா, 'ஒடஞ்சு போச்சு'ன்னாரு. அவ்வளவுதான். மிச்சத்தை ஊரே பாத்துக்கிச்சு."

"ஐம்பது வருஷமா வேட்டைக்குப் போறவன், பழம் பறிக்கற ஏணியில வழுக்கினேன்னு சொல்லுவனா?" என்றார் இவாவோ, தரையைப் பார்த்தபடி. "அதான் ஆள் வந்தா உள்ள விடாதன்னு இவகிட்ட சொன்னேன்."

"அப்ப கத்தி?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவாவோ தொண்டையைக் கனைத்தார்.

"ஜூலை மாசத்து மழையில தோட்டத்து வாய்க்கால்ல ஒரு கல்லு மாட்டிக்கிச்சு. கடப்பாரை எடுத்துவர சோம்பேறித்தனம். இடுப்புல கத்தி இருந்துச்சு. உள்ள விட்டு நெம்பினேன். பட்டுனு போயிடுச்சு." அவர் குரல் கம்மியது. "அவ்வளவு நல்ல கத்திய. கத்தியால கல்லை நெம்புவானா ஒருத்தன்? சின்னப் பையனுக்கே தெரியும். உங்க வீட்டுக்காரரு எவ்வளவு ஆசையாக் குடுத்தாரு. அப்பறம் சந்தைக்குப் போனா உங்க கடை இருக்கற வரிசையிலயே போகறதில்ல. சுத்திப் போறேன்."

"என்கிட்ட ஆத்துல விழுந்துடுச்சுன்னு சொன்னாரு" என்றாள் ஃபுமியே. "நான் ஊதுவத்தி எடுக்கப் போனா, சாமி அலமாரி இழுப்பறைக்குள்ள ரெண்டு துண்டா, துணி சுத்திக் கிடக்கு. ஏன்யா இதுன்னு கேட்டா, குப்பையில போட மனசு வரலேங்கறாரு. பெத்த பிள்ளைக்குக்கூட இப்படி முகம் தொங்கிக்கிட்டு இருந்ததில்ல."

நட்சுயோ அந்தத் துண்டுகளைக் கேட்டு வாங்கினாள். துணியை விரித்து, உடைந்த முகத்தை வெயிலுக்குத் திருப்பினாள். அவள் நினைத்தபடியே இருந்தது. கழுத்தின் குறுக்கே பாதிக்கு மேல் கறுநீலமாக இருண்டு கிடந்தது. மீதிதான் வெள்ளிபோலப் பளிச்சென்றிருந்தது. இவாவோவின் மெத்தை ஓரத்தில் போய் உட்கார்ந்து காட்டினாள்.

"இந்தக் கறுப்பு தெரியுதா? இது பிப்ரவரியிலயே பொளந்துடுச்சு. அதுக்கப்பறம் மறுபடி சுட வச்சதுல உள்ள நிறம் மாறியிருக்கு. இந்த வெள்ளை மட்டும்தான் நீங்க நெம்பினது."

இவாவோ துண்டை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "அப்ப கறுப்புதான் அதிகம்?"

"கறுப்புதான் அதிகம்."

"ஃபுமியே, கேட்டியா? கறுப்புதான் அதிகமாம்."

"நெம்பினது நெம்பினதுதான்யா."

"ஆமா, நெம்பினது தப்புதான்" என்று உடனே ஒத்துக்கொண்டார் அவர். ஆனால் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. "என் கை அவ்வளவு மோசமில்லேன்னு தெரிஞ்சாப் போதும்."

"உங்க கையில ஒண்ணும் இல்ல. என் தண்ணியிலதான் கோளாறு."

"கல்லை நெம்பக் கூடாதுல்ல?"

"கல்லை நெம்பினா நல்ல கத்தி வளையும். பட்டுனு போகாது. குத்தம் எனக்குத்தான்."

"சரி, பாதிப் பாதி வச்சுக்குங்க, டீ ஆறுது" என்றாள் ஃபுமியே.

டீ குடிக்கும்போதுதான் நட்சுயோ அதைக் கேட்டாள். கேட்காமல் போனால் தூங்க முடியாது என்று தோன்றியது. "வாங்கினதுக்கு அப்பறம் வேட்டைக்குக் கொண்டுபோனீங்களா?"

இவாவோ கொஞ்சம் தயங்கினார். "மார்ச் கடைசியில ஒரு தடவை. இந்தா, இவன்தான் மடக்கினான்." நாயைக் காட்டினார். "பாறை இடுக்குல நல்ல ஆண் பன்னி. கம்புல மாட்டிக்கிட்டு ரெண்டு எட்டுல நின்னேன். குத்தக் கையை ஓங்கிட்டேன். அதுக்கு என்ன தோணுச்சோ, திரும்பிப் பள்ளத்துல பாஞ்சு ஓடிடுச்சு. குத்தல."

"குத்தலையா?"

"குத்தல. அன்னிக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு, நல்ல கறி போச்சேன்னு."

நட்சுயோ கோப்பையைக் கீழே வைத்தாள். இவாவோ நாயின் கழுத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஓடிப்போன பன்றி எந்தப் பள்ளத்தில் இருக்கிறதோ, அது நூறு வயது இருக்கட்டும் என்று நட்சுயோ மனதார நினைத்துக்கொண்டாள்.

ஃபுமியே பலகாரப் பெட்டியைப் பிரிக்கப் போனவள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "மேல ஒண்ணுமே எழுதலையே?"

"கடையில விசேஷமா, நோயாளியா, துக்கமான்னு கேட்டாங்க" என்றாள் நட்சுயோ. "எனக்குத் தெரியலேன்னு எப்படிச் சொல்றது?"

முதலில் இவாவோதான் சிரித்தார். சிரிப்பில் கணுக்கால் அசைந்து வலி எடுக்க, வலியோடு இன்னும் சிரித்தார். ஃபுமியே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நட்சுயோவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருக்கையில் அழுகையும் வந்தது. முற்றத்து மண் ஒட்டிய நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இரண்டையும் ஒன்றாகவே முடித்தாள்.

"உங்களுக்கு வேற கத்தி அடிச்சுத் தரேன்" என்றாள். "இரும்பு முதுகு வச்சு. கொஞ்சம் கனமா இருக்கும்."

"இருக்கட்டும். இனிமே நெம்ப மாட்டேன்."

"நெம்புவாரு" என்றாள் ஃபுமியே.

"நெம்பினா வளைஞ்சுடும். கொண்டுவாங்க, நிமித்தித் தரேன். கடை வரிசையில நேரா வாங்க, சுத்தி வர வேணாம்."

கிளம்பும்போது ஃபுமியே ஒரு டப்பா நிறைய யூசுச் சாறு ஊற்றிப் பிசைந்த சோற்றை, மூங்கில் குருத்துக்குள்ளும் காளானுக்கு அடியிலும் வைத்து அடுக்கிக் கொடுத்தாள். வீட்டுக்காரருக்கும் சேர்த்து என்றாள். இவாவோ மெத்தையிலிருந்தபடியே, "அந்த ஏணி விஷயம்..." என்று இழுத்தார்.

"எந்த ஏணி?" என்றாள் நட்சுயோ.

கொட்டகைப் பெண்கள் வண்டியைக் கண்டதும் கையைக் காட்டி நிறுத்தினார்கள். "பாத்தியா? உள்ள விட்டாளா? எப்படி இருக்காரு?"

"பிழைச்சுக்குவாரு" என்றாள் நட்சுயோ. "கால்லதான் அடி."

"நான்தான் சொன்னேன்ல, கால்னு" என்றாள் ஒருத்தி வெற்றியோடு. "பன்னி எவ்வளவு பெருசாம்?"

நட்சுயோ ஸ்டியரிங்கில் கை வைத்தபடி கொஞ்சம் யோசித்தாள். "ரொம்பப் பெருசாம்" என்றாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. இவாவோவின் மானத்தைக் காக்கத் தன்னால் ஆனது இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

அணைக்குக் கீழே வந்ததும் போனில் சிக்னல் வந்தது. ஆற்றைப் பார்த்த மாதிரி ஓரத்தில் நிறுத்தி, கெய்சாகுவைக் கூப்பிட்டாள். மணி அடிக்கும் முன்பே எடுத்துவிட்டார்.

"உயிரோட இருக்காரா?"

"இருக்காரு. நல்லா இருக்காரு. பன்னியெல்லாம் இல்ல. ஏணியிலருந்து விழுந்திருக்காரு."

அந்தப் பக்கம் நீண்ட மூச்சுச் சத்தம். பிறகு அவர் கேட்டார்: "ஏணி நம்ம செஞ்சது இல்லையே?"

"நாம எப்பய்யா ஏணி செஞ்சோம்?"

"தெரியல. காலையிலருந்து உக்காந்து எதை எதையோ நெனச்சிட்டிருக்கேன். ஹிசாகா ரெண்டு தரம் டீ குடுத்தா, குடிக்க முடியல." குரல் உடைந்து, மூக்கை உறிஞ்சினார். "ஒருத்தருக்கும் ஒண்ணும் விக்கல இன்னிக்கு. வாயே வரல."

"நல்லது. இனிமே தொட்டியில தண்ணி ஊத்தினா, சுட வச்சியா இல்லையான்னு மட்டும் அந்த வாயால சொல்லு. நானும் கேக்கறேன்."

"சொல்றேன்."

"அழாத. அங்க எல்லாரும் பாப்பாங்க."

"ஹிசாகாவும் அழுவுறா" என்றார் கெய்சாகு.

போனை வைத்துவிட்டு நட்சுயோ கண்ணாடியை இறக்கினாள். மாலை வெயில் ஆற்றில் கிடந்தது. அப்போதுதான் பசி தெரிந்தது. சாதாரணப் பசி இல்லை, குடலைச் சுருட்டுகிற பசி. டப்பாவைத் திறந்து மூங்கில் குருத்து ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். புளிப்பு சுள்ளென்று ஏறியது. இன்னொன்று, அப்புறம் காளான், அப்புறம் இன்னொரு குருத்து. கெய்சாகுவுக்கென்று பாதியை ஒதுக்கி மூடினாள். கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தபடி இருந்துவிட்டு, மறுபடி மூடியைத் திறந்து அதையும் சாப்பிட்டாள்.